அப்பாவின் கண்ணைப் பறித்த கல்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில், ஜெபத்துக்கும் சாப்பாட்டுக்கும் வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் இளைய மகள் நான் வணக்கத்தோடு எழுதுகிறேன். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் படத்துக்குக் கீழே ‘சுதந்திரப் போராட்டத் தியாகி’ என்று இருக்கும் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை. நெய்யாற்றின்கரை அச்சகத்தில் கோத்து வைத்திருந்த அந்த வரியை எடுக்கச் சொன்னது நான்தான். அச்சுக்காரர் பேரில் தவறு ஒன்றும் கிடையாது, அவரைப் பிடித்து யாரும் ஏச வேண்டாம். ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள். ஆனால் கடைசி வரி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

அப்பா பாறசாலைக்கும் செங்கல் என்ற ஊருக்கும் நடுவில், ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு பேருந்துகள் ஓடினவே, அப்படி ஒரு வண்டியில் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். முகமெல்லாம் கரியோடு அங்கேயே வண்டி ஓட்டவும் பழகினார். அப்போது பர்மா அரிசி நின்றுபோய் நம் ஊரில் மரச்சீனிக் கிழங்குக்கும் அடிபிடி. அப்பாவின் தம்பியும் தங்கையும் ஒரே மாதத்தில் பட்டினியாலும் வயிற்றுப்போக்காலும் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்து பம்பாய்க்குப் போனார். “சோறு உண்டுன்னு சொன்னினும், போனேன்” என்பதுதான் அவர் வாயால் நாங்கள் கேட்ட காரணம். தேசம், வீரம் என்று ஒரு சொல் கூட அவர் சொன்னதில்லை. அதையெல்லாம் சேர்த்துக்கொண்டது நாம்.

பம்பாயைப் பற்றி அப்பா சொல்லாத நாள் இல்லை. அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பி, ஈர்க்குச்சியால் ஏழு வட்டம் போட்டுக் காட்டுவார். “ஏழு தீவாக்கும் மக்கா அது. போர்த்துகீசு ராசா மகளைக் கெட்டிக் குடுக்கும்போ வெள்ளைக்கார ராசாவுக்குச் சீதனமாட்டுக் குடுத்தான். அவனுக்க அப்பன் வீட்டுச் சொத்துன்னு நெனச்சுக் குடுத்தான்!” என்று சொல்லி வெற்றிலைச் சாற்றைத் துப்புவார். தீவுகளுக்கு நடுவே கடலைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடியது, பருத்தியை ஏற்றிக்கொண்டு போய்த் துணியாகத் திருப்பிக் கொண்டுவந்து நமக்கே விற்றது, ராசா வந்து இறங்கியதற்காகக் கரையில் ஒரு பெரிய வளைவு கட்டியது, எல்லாம் வரும். எங்கள் வீட்டில் மூன்று கல்யாணம் நடந்தது. ஒன்றிலும் அப்பா சீதனம் வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. என் கல்யாணம் அதனாலேயே இரண்டு தடவை முறிந்தது. அழுதுகொண்டு போய்ச் சண்டை போட்டேன். “ஒரு பட்டணம் சீதனமாப் போச்சு. பின்ன அதில உள்ள மனுசனெல்லாம் சீதனச் சாமானாட்டுப் போனான். எனக்க பிள்ளை போகமாட்டா” என்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சாம்பலை அள்ளி அவர் தலையிலேயே கொட்டியிருப்பேன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அப்பா ஊருக்குத் திரும்பினார். இடது கண் இல்லை. முகத்தில் தாடி. அதன் பிறகு சாகும் வரை ஸ்டியரிங் என்ற சாமானைத் தொட்டதில்லை. நெய்யாற்று ஓரத்தில் வாழை போட்டார், குலையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடந்தே போனார். பேருந்தில் ஏறுங்கள் என்றால் காது கேளாததுபோல் நடப்பார். ஊரில் இதற்கெல்லாம் விளக்கம் தயாராக இருந்தது. கண்ணை வெள்ளைக்காரன் சுட்டுவிட்டான், தாடி ஒரு நேர்ச்சை, நடை எளிமை. சுட்ட கதையை முதலில் சொன்னவர் அம்மாவைப் பெண் கேட்கப் போன தரகர். ஒற்றைக் கண் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க அம்மா வீட்டார் தயங்கியபோது, “பம்பாயில கப்பற்படைக்காரங்க வெள்ளைக்காரனை எதிர்த்தினும்லா, அதில போன கண்ணாக்கும்” என்று எடுத்துவிட்டார். பெண் உடனே கிடைத்தது.

சுதந்திர தினம் வந்தால் வாசகசாலைக்காரர்கள் கொடியேற்ற அப்பாவை அழைக்க வருவார்கள். அப்பா வாழைத்தோட்டத்திலிருந்து வெட்டுகத்தியோடு ஓடிவருவார். ஒரு வருஷம் செயலாளரை ஓடைவரை துரத்தினார், அவர் வேட்டியை விட்டுவிட்டு ஓடினார். சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்குச் சந்திப்பில் அப்பாவின் பெயர் போட்டுத் துணி பேனர் கட்டினார்கள். அதைக் கிழித்து வாழைக்குலைக்குச் சுற்றிச் சந்தைக்கு எடுத்துப் போனார். இவ்வளவு செய்தும் ஜனங்கள், “தியாகின்னா இப்படியாக்கும் இருக்கணும்” என்று புல்லரித்தார்களே தவிர, மனிதன் ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கண்ணைப் பற்றி யாராவது கேட்டால் அப்பா ஒன்றே ஒன்று சொல்வார்: “எடுத்தவனுக்க கை நல்லா இருக்கட்டு.” எதிரியை மன்னிப்பதற்கு உதாரணமாகப் போதகர் அதைப் பிரசங்கத்திலேயே சொன்னார். அப்பா அன்று பாதி ஆராதனையில் எழுந்து வெளியே போய்விட்டார்.

இனி அண்ணன் கதை. அண்ணன் லாரி வாங்கியபோது அப்பா ஒரு மாதம் அவரோடு மிண்டவில்லை, ஒரு பேச்சும் கிடையாது. ஆனால் தடுக்கவும் இல்லை. நம் பக்கத்துக் குவாரி ஒன்றில் அண்ணனுக்குக் கல் சுமக்கும் ஓட்டம் கிடைத்தது. அந்தக் குவாரியில் வெடி வைத்தால் அடிவாரத்து வீடுகளின் ஓட்டில் கல் விழும். ஒரு தொட்டில் மேலேயே விழுந்த பிறகு அங்குள்ளவர்கள் வழியில் பாறாங்கல்லை உருட்டிப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நாலாம் நாள் காலையில் குவாரிக்காரரின் ஆட்கள் இருபது பேர் எங்கள் வீட்டு முன்னால் நின்ற லாரியில் ஏறினார்கள். கையில் கம்பிப்பாரை, சைக்கிள் சங்கிலி, சாக்கு நிறையச் சோடாக்குப்பி. நான் முற்றத்தில் கிழங்கு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அப்பா வந்து முன்னால் நின்றார்.

“எலே, எங்க போறே?”

“குவாரிக்கு.”

“இவனுக கையில என்னத்துக்குக் கம்பிப்பாரை?”

“அவங்க என்னமும் கொண்டு வருவினும். எனக்கென்ன? நான் வண்டி மட்டும்தானே ஓட்டுறேன்.”

அப்பா திரும்பி அடுக்களைப் பக்கம் போனார். போய்த் தொலைந்தார் என்று அண்ணன் கியரைப் போட்டார். அப்பா திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் அம்மிக்குழவி இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய மனிதருக்கு அந்த வலு எங்கிருந்து வந்ததோ, குழவியைத் தலைக்கு மேல் தூக்கி லாரியின் முன்கண்ணாடியில் எறிந்தார். கண்ணாடி முழுவதும் அண்ணன் மடியில் கொட்டியது. அண்ணன் கன்னத்தில் ஒரு துண்டு குத்தி நின்றது. வண்டிமேல் இருந்த ஒருத்தன், “தியாகிக்கு வட்டாக்கும், கிறுக்காக்கும்!” என்று கூவினான், மற்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் அண்ணனைத் தள்ளியது என்று நினைக்கிறேன். குதித்து இறங்கி அப்பாவின் வாயில் குத்தினார். அப்பா துணி துவைக்கும் அலக்குகல்லில் போய் விழுந்தார். விழுந்தவரை மறுபடியும் மிதித்தார். நான் உலக்கையை எடுத்து அண்ணன் தோளில் போட்டேன், ஒன்றல்ல, மூன்று. அப்பா இரண்டு பல்லைக் கையில் துப்பிப் பார்த்துவிட்டு, “அவனை விடு மக்கா. வண்டி நின்னுல்லா, அது போதும்” என்றார். அப்பனை அடித்த கை விளங்குமா என்று நான் அண்ணனைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

குவாரிக்காரர்கள் வேறொரு லாரியைப் பிடித்துப் போனார்கள். அடிவாரத்தில் பெண்களையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வயதானவரின் மண்டையைக் கம்பிப்பாரையால் பிளந்தார்கள். ஒரு வாலிபர் வயிற்றில் சோடாக்குப்பி ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போனது. நான் அப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலையில் இருந்தேன். அவர்கள் பிடித்துப் போன லாரியின் டிரைவருக்கு ஜாமீன் மனுவை அடித்தது என் விரல்தான். வண்டியை ஓட்டியது தவிர வேறொன்றும் அறியாதவர் என்று அடித்தேன். அது எடுபடவில்லை. அவன் உள்ளே போனான், அவன் மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். இவ்வளவையும் பார்த்த பிறகும் அண்ணன் அப்பாவிடம் வரவில்லை. தனியாக வீடு பார்த்துப் போய்விட்டார். அடித்த வெட்கம் ஒரு பக்கம், கண்ணாடி உடைந்த கோபம் ஒரு பக்கம். அப்பாவும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் தலைக்கனம் ஒரே அளவு.

கடைசி வருஷம் அப்பாவின் வலது கண்ணிலும் புரை விழுந்தது. ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டார்கள். இருந்த ஒரு கண்ணும் மூடியிருந்ததால் அப்பாவுக்கு முழு இருட்டு. இரண்டாம் நாள் மதியம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, “மற்றக் கண் போனது எப்படி?” என்று கேட்டார். நான் வழக்கம்போல், “வெள்ளைக்காரன் சுட்டது, சார்” என்றேன். அவர் போனதும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார், வலித்தது.

“சுடல்ல மக்கா. கல்லெறிஞ்சினும். நம்ம ஜனங்கதான் எறிஞ்சினும். நான் வெள்ளைக்காரன் வண்டியில இருந்தேன்.”

கஞ்சிப் பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அதற்கு மேல் அப்பா சொன்னதை நான் கேட்டபடி எழுதுகிறேன். கப்பலில் வேலைபார்த்த நம் நாட்டுப் பையன்கள் புழுத்த சோற்றையும் வெள்ளைக்கார அதிகாரிகளின் கெட்ட வார்த்தையையும் பொறுக்க முடியாமல் வேலையை நிறுத்தி, வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டார்கள். பம்பாய் முழுக்க அவர்கள் பக்கம் நின்றது. அந்த ராசா வளைவின் பக்கத்தில் ஜனங்கள் கூடைகூடையாகச் சோறும் பழமும் கொண்டுவந்து படகில் ஏற்றினார்கள். அப்பா அதைப் பார்த்திருக்கிறார். “எனக்கும் போய் ஒரு வாழைப்பழம் குடுக்கணும்னு உண்டாச்சு” என்றார். போகவில்லை. மறுநாள் ஆலைகள் அடைத்தன, கடைகள் அடைத்தன. வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தெருத்தெருவாகக் கொண்டுபோகச் சொல்லி டிரைவர்களுக்கு உத்தரவு வந்தது. அப்பா ஓட்டினார்.

ஆலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெரு. யாரும் கல் எடுத்திருக்கவில்லை, கோஷம் கூட இல்லை. லாரியின் பின்னாலிருந்து சுட ஆரம்பித்தார்கள். அப்பாவுக்குக் கண்ணாடிக்கு முன்னால் தெரிவது மட்டும்தான் தெரியும். பால்குடம் வைத்திருந்த ஒருவர் உட்கார்ந்தார், பாலும் ரத்தமும் ஒன்றாக ஓடிற்று. மாடியில் துணி உலர்த்தியவள் துணியோடு கீழே விழுந்தாள். நடைபாதையில் ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார், முன்னால் இருந்தவர் முகம் நிறையச் சோப்பு நுரை. இரண்டு பேரையும் ஒரே குண்டு துளைத்தது. “நொரை செவப்பாச்சு மக்கா. அவரு கண்ணைத் தொறந்து என்னைத்தான் பாத்தாரு. துப்பாக்கிக்காரனை இல்ல. என்னை.”

“நிறுத்தியிருக்கலாமே அப்பா” என்றேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

“நான் சுடல்லியே, நான் வண்டி மட்டும்தானே ஓட்டுறேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே மூணு தெரு ஓட்டினேன். மூணு தெரு!”

நான்காவது தெருவின் திருப்பத்தில் ஒரு மாடியிலிருந்து கருங்கல் வந்தது. கண்ணாடியைப் பிளந்து அப்பாவின் இடது கண்ணில் இறங்கியது. வண்டி ட்ராம் கம்பத்தில் மோதி நின்றது. சிப்பாய்கள் குதித்து வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள், டிரைவர் செத்தானா இருக்கிறானா என்று கூடப் பார்க்கவில்லை. தெருவிலிருந்தவர்கள் அப்பாவை வெளியே இழுத்துப் போட்டார்கள். ஒருவர் மூஞ்சியில் காறித் துப்பினார். ஒரு பெண் தன் முந்தானையைக் கிழித்துக் கண்ணில் கட்டினாள். இரண்டும் எனக்கு வேண்டியதுதான் என்றார் அப்பா.

“அம்மாகிட்ட ஏன் சொல்லல்ல?”

“அந்தத் தரகன் சொல்லும்போ நான் மிண்டாம இருந்தேன். பெண்ணு வேணும்லா. பின்ன சொல்ல ஒக்கல்ல, நாக்கு எழும்பல்ல. உங்கம்மா தியாகிக்க பெஞ்சாதியாட்டே செத்தா. நீ இதை எழுதணும். நான் செத்த பெறவு நாலுபேரு என்னைத் தூக்கி வச்சிப் பேசினா நீ எழுந்து சொல்லணும்.” சத்தியம் வாங்கிக்கொண்டார். பயந்தவர்தான் எங்கள் அப்பா. மூன்று தெருவிலும் பயந்தார், பெண் பார்க்கும்போதும் பயந்தார். அவரை நான் அதற்காக ஒரு முடி கூடக் குறைவாக நேசிக்கவில்லை.

கட்டவிழ்த்து வீட்டுக்கு வந்ததும், தாடியை எடுக்க வேண்டும் என்றார். முடிவெட்டும் கடைக்காரரை வரவழைத்தேன். முகத்தில் நுரை பட்டதும் அப்பாவின் உடம்பு நாற்காலியோடு சேர்ந்து நடுங்கியது. “அண்ணாச்சி, பயப்படாதேயும், எனக்க கத்தி பூப்போல ஆக்கும்” என்றார் பாவம் அந்தக் கடைக்காரர். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே முழுவதும் இருந்தார். முடிந்ததும் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐம்பது வருஷமாக நாங்கள் பார்க்காத முகவாயில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அண்ணனுக்கு இருப்பதைப் போலவே. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை மணி அடிக்கும்போது, வாழைத்தோட்டத்தில் உட்கார்ந்தபடி உயிர் பிரிந்தது.

அடக்கத்தில் அதிகம் அழுதது அண்ணன்தான். தியாகியை அடித்த பாவி என்று நெஞ்சில் குத்திக்கொண்டார். கல்லறையில் அந்த வரியைப் பெரிதாக வெட்டச் சொன்னதும், இந்த மலரின் அட்டையில் போடச் சொன்னதும் அவர்தான். போன மாதம் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். “செத்தவரு மேல பழி போடுறியா ஏட்டி? எழும்பிப் போ” என்று கத்தினார். நான் எழும்பவில்லை. அப்பா அந்த மூன்று தெருவிலும் மனதுக்குள் சொல்லிக்கொண்டது என்ன என்று சொன்னேன்.

அண்ணன் கன்னத்துத் தழும்பைத் தடவிக்கொண்டு நின்றார். “அது நான் சொன்னதாக்கும்” என்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் உளியும் சுத்தியலும் எடுத்துப் போய் அந்த வரியை அவரே கொத்தி எடுத்தார். கருங்கல் லேசில் விடுமா? கட்டை விரலை நசுக்கிக்கொண்டார், ரத்தத்தோடு கொத்தினார். இன்று கல்லறைக்குப் போகிறவர்கள் அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு பள்ளத்தைப் பார்ப்பீர்கள். அதைப் பூசி மூட வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம்.

நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. அப்பாவைக் கடைசியாகத் தூக்கிச் சுமந்த அயல்வாசிகளுக்கும், கண்ணுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், நடுங்கிய முகத்தில் ஒரு கீறல் கூட விழாமல் சவரம் செய்தவருக்கும், வேட்டி போன கதையை மறந்து மாலையோடு வந்த வாசகசாலைச் செயலாளருக்கும், தொட்டிலில் கல் விழுந்த அந்த அடிவாரத்திலிருந்து நடந்தே வந்து அடக்கத்தில் நின்ற பெண்களுக்கும் எங்கள் நன்றி. பட்டியலை வாசித்துக் காட்டியபோது அண்ணன், “ஒராளு விட்டுப்போச்சு மக்கா” என்றார். யார் என்று அவர் சொன்னதும் எழுதினேன்.

பம்பாயில் அந்த மாடியிலிருந்து கல்லை எறிந்தவரே, நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது, இருக்கிறீர்களா என்றும் தெரியாது. எங்கள் அப்பா நான்காவது தெருவுக்குள் போகவில்லை. எங்கள் அண்ணன் முதல் தெருவுக்கே போகவில்லை. உங்கள் கை நன்றாக இருக்கட்டும்.